பழைய டிவிக்கு ஸ்டிக் வாங்கலாமா, பெட்டி வாங்கலாமா, டிவியையே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: 2018-ல் வாங்கிய 43 அங்குல ஸ்மார்ட் டிவி. படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஆப் ஒவ்வொன்றும் ஊர்ந்து ஊர்ந்து திறக்கிறது, ஒன்றிரண்டு திறப்பதே இல்லை. ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி, டிவியில் செருகி ஆப்களை ஓட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்குவதா, கடையில் மலிவாகக் காட்டும் ஆண்ட்ராய்டு பெட்டியா, புது டிவியா? வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள், கேபிளை நிறுத்திவிடலாமா?

டிவியை மாற்றாதீர்கள். தெரிந்த கம்பெனியின் ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். பெயர் தெரியாத பெட்டி பக்கமே போகாதீர்கள். கேபிளை இப்போதைக்கு விட்டுவையுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஸ்டிக்கிலும் குறைகள் இருக்கின்றன, வாங்குவதற்கு முன்பே அவை தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்மார்ட் டிவி என்பது ஒரு திரையும் ஒரு சின்ன கணினியும் சேர்ந்த பொருள். திரை எட்டு, பத்து வருடம் தாராளமாக உழைக்கும். கணினி நான்கைந்து வருடத்திலேயே திணற ஆரம்பித்துவிடும். விலையைக் குறைக்க நினைக்கும் கம்பெனி முதலில் கைவைப்பது ப்ராசஸரிலும் மெமரியிலும்தான். கடையில் நின்று பார்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாதே. ஆப்களோ வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் ஆப் கம்பெனியே 'இந்தப் பழைய டிவிக்கு இனி நாங்கள் இல்லை' என்று கைவிரித்துவிடும். 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் இப்படித்தான் பழைய சாம்சங் டிவிகள் சிலவற்றிலும் ரோக்கு கம்பெனியின் பழைய ஸ்ட்ரீமிங் பெட்டிகள் சிலவற்றிலும் நின்றுபோனது. அந்த டிவிகளின் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, மென்பொருள் மட்டும்தான் காலாவதி. மாடு கிழடாகிவிட்டது என்று யாரும் வண்டியையும் சேர்த்து விற்பதில்லை. எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு ஸ்டிக்கைச் செருகிவிட்டால் டிவி வெறும் திரையாக நிம்மதியாக வேலை செய்யும். நாளைக்கு ஸ்டிக் பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பொருளின் மிகப் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான். மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு முறை டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்து (அதாவது வாங்கிய அன்றைய நிலைக்குக் கொண்டுவந்து), தேவையான இரண்டு மூன்று ஆப்களை மட்டும் போட்டுப் பாருங்கள். சில டிவிகள் இதிலேயே ஓரளவு தெளிந்துவிடும். ஆப்பே கிடைக்காத நிலை வந்துவிட்டால் ரீசெட்டால் பயனில்லை.

அப்புறம், ஸ்டிக் வாங்குகிற பாதிப் பேர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்கிறேன். டிவிக்குப் பின்னால் யூஎஸ்பி போர்ட் இருக்கிறது, ஸ்டிக்கோடு யூஎஸ்பி வயர் வருகிறது. பிளக் பாயின்ட் தேடுவானேன் என்று வயரை டிவியிலேயே செருகிவிடுவார்கள். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பொதுவாக 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் கொடுப்பது. டிவியின் சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் அரை ஆம்பியருக்கு ஏற்றது. மெனு ஓடும், யூடியூப்கூட ஓடும். நல்ல சண்டைக் காட்சி வரும்போது திரை கறுத்து, கம்பெனி லோகோ வந்து நிற்கும். கரண்ட் போதாமல் ஸ்டிக் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது, வேறொன்றும் இல்லை. பல டிவிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. டிவியை அணைத்தால் அந்த போர்ட்டிலும் கரண்ட் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஸ்டிக் முதலிலிருந்து எழுந்து வர வேண்டும், ராத்திரியில் நடக்க வேண்டிய அப்டேட்டும் நடக்காது. 'ஸ்டிக் ஸ்லோ' என்று திருப்பிக் கொடுப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வயர் எங்கே போகிறது என்றுதான். சுவரில் தனி பாயின்ட், ஸ்டிக்கோடு வந்த அதே அடாப்டர். இதில் சமரசமே வேண்டாம்.

வைஃபையும் இதே மாதிரிதான். ஸ்டிக்கின் ஆன்டெனா விரல் அளவு. அது டிவியின் உலோக முதுகுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. பல ஸ்டிக்குகளோடு ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் வரும், அதைத் தூக்கிப் போடாமல் போட்டுக்கொண்டால் சிக்னல் தெளியும். ரவுட்டர் அதே அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 ஜிகாஹெர்ட்ஸே நல்லது. வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நெட்ஃப்ளிக்ஸ் தன் கணக்கில் முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் போதும் என்கிறது. டேட்டாதான் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். எச்டியில் மணிக்கு சுமார் 3 ஜிபி, 4கேயில் சுமார் 7 ஜிபி. தினம் நான்கு மணி நேரம் எச்டியில் பார்த்தால் மாதம் 360 ஜிபி. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் தினம் 2 ஜிபி பிளானில் போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்றால் ஒரு படத்தின் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் ஸ்டிக்கை மறந்துவிடுங்கள்.

இப்போது அந்த மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள். இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. 'ஒரு தடவை காசு, ஆயுசுக்கும் எல்லா சேனலும் ஃப்ரீ' என்று சொல்லி விற்பார்கள். சட்டவிரோதமாக எடுத்த சிக்னலைக் கொடுக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட ஆபத்து பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த ஒரு கணினி வல்லுநர், ஆன்லைனில் வாங்கிய டி95 என்ற பெட்டியில் தீங்கு மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்ததை வெளியிட்டார். பெட்டியைப் பிரித்து முதல் முறை இணைத்த உடனேயே அது வெளியூர் சர்வர்களோடு பேச ஆரம்பித்திருந்தது. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் வாய்டு என்ற வைரஸைப் பற்றி அறிவித்தது: 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் அது புகுந்திருந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிக் கெட்டுப்போன கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் 'பேட்பாக்ஸ் 2.0' என்ற வலையைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே அதை நடத்துபவர்கள் மேல் கூகுள் வழக்குப் போட்டது. அதில் கூகுள் சொன்ன கணக்கு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டிவியில் என்ன திருடப் போகிறான், நான் பார்க்கும் சீரியலையா என்பார்கள். அவனுக்கு வேண்டியது உங்கள் சீரியல் இல்லை, உங்கள் இணைய இணைப்பின் முகவரி (ஐபி முகவரி). யாரோ ஒருவர் எங்கிருந்தோ போலி கணக்கு தொடங்குகிறார், விளம்பர மோசடி செய்கிறார், திருடிய கடவுச்சொற்களை வங்கித் தளங்களில் போட்டுப் பார்க்கிறார். அந்தப் போக்குவரத்து எல்லாம் உங்கள் வீட்டு பெட்டி வழியாக, உங்கள் இணைப்பிலிருந்து போவதாகத் தெரியும். விசாரணை என்று வந்தால் முதலில் கிடைப்பது உங்கள் முகவரிதான். அதே வைஃபையில்தான் உங்கள் போனும் லேப்டாப்பும் இருக்கின்றன. பெட்டியை நிறுவும்போது 'ப்ளே ப்ரொடெக்ட்டை (தீங்கான ஆப்களைத் தடுக்கும் கூகுளின் காவல் வசதி) அணைத்துவிடுங்கள்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஃப்பிஐ சொன்ன அடையாளங்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு நடைமுறைக் குறையும் இருக்கிறது. பெட்டியின் மேல் 4கே, 8கே என்று எழுதியிருக்கும். நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை எச்டி தரத்தில் ஓட வேண்டுமென்றால் கருவிக்கு வைடுவைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று வேண்டும், அதோடு அந்தந்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். இவை இல்லாத பெட்டியில் படம் 480பி என்ற குறைந்த தரத்தில்தான் வரும். 43 அங்குலத்தில் அது மங்கலாகத் தெரியும். காசு கொடுத்து நெட்ஃப்ளிக்ஸ் வைத்திருப்பவருக்கு இது சுத்த நஷ்டம்.

சரி, நல்ல கம்பெனி ஸ்டிக்கில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது, அது வீட்டில் இருந்தாலும் அதன் குடுமி கம்பெனி கையில்தான். கூகுள் 2013-ல் டிவியில் செருகும் குரோம்காஸ்ட் கருவியை 35 டாலருக்கு வெளியிட்டபோது உலகமே கொண்டாடியது. 2024 ஆகஸ்டில் அந்த வரிசையையே முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. காரணம், அவற்றுக்குள் இருந்த பத்து வருட டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது. சில நாட்களில் சரிசெய்து அனுப்பினார்கள். ஆனால் பதறிப்போய் ஃபேக்டரி ரீசெட் செய்தவர்கள் கூடுதலாக அவதிப்பட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுபோனால் கையை வைக்காமல் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். வாங்கும்போது பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்றும் பாருங்கள். அமேசான் தன் ஸ்டிக்குகளுக்கு, கடைசியாகப் புதிதாக விற்ற நாளிலிருந்து குறைந்தது நான்கு வருடம் என்று சொல்கிறது.

இரண்டாவது குறை விளம்பரம். ஃபயர் டிவியை ஆன் செய்ததும் திரையின் மேல் பாதியை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு படத்தின் டிரெய்லர் சத்தமாக ஓட ஆரம்பிக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தை தூங்கும்போது இது நடந்தால் எரிச்சல்தான் வரும். செட்டிங்ஸில் பிரிஃபரன்சஸ், அதில் ஃபீச்சர்ட் கன்டென்ட் என்று ஒன்று இருக்கும். வீடியோ ஆட்டோபிளே, ஆடியோ ஆட்டோபிளே இரண்டையும் அணைத்துவிடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே ப்ரைவசி செட்டிங்ஸ் இருக்கிறது. கருவியின் பயன்பாட்டுத் தகவல், ஆப் பயன்பாட்டுத் தகவல், விருப்பம் சார்ந்த விளம்பரம் மூன்றையும் அணையுங்கள். கூகுள் டிவி இயங்குதளம் உள்ள கருவி என்றால் 'ஆப்ஸ் ஒன்லி' முறையை எடுத்துக்கொள்ளலாம், பரிந்துரைகள் குறையும். ஆனால் குரல் தேடல் போன்ற சில வசதிகள் போய்விடும். ஆப்பிள் டிவி என்ற பெட்டியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, வேகமும் அருமை. ஆனால் இந்தியாவில் அதன் விலை பதினைந்தாயிரம் அளவில். அந்தக் காசுக்குச் சின்ன டிவியே வந்துவிடும்.

டிவி நம்மை வேவு பார்க்கும் விஷயத்தில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. திரையில் என்ன ஓடுகிறது என்பதை அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும் தொழில்நுட்பம் பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் இதைச் சரியாகத் தெரிவிக்காமல் செய்ததற்காக 2017-ல் 22 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. 2024-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வில், சாம்சங், எல்ஜி டிவிகளில் எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் இது கவனிக்கிறது என்று தெரிந்தது. அதாவது ஸ்டிக் வாங்கியதால் மட்டும் டிவி கண்ணை மூடிக்கொள்ளாது. ஸ்டிக் வந்த பிறகு டிவியின் சொந்த வைஃபைக்கு என்ன வேலை? டிவி செட்டிங்ஸில் போய் வைஃபை இணைப்பையே நீக்கிவிடுங்கள். இணையமே இல்லாவிட்டால் எதை அனுப்ப முடியும்?

ஸ்டிக்கின் விலையை மட்டும் செலவாக நினைக்காதீர்கள். மாதா மாதம் போகும் சந்தாதான் பெரிய செலவு. தமிழ் சீரியல் என்றாலே ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. போன் ரீசார்ஜோடு இலவசமாக வந்த சந்தா டிவியிலும் ஓடும் என்று நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் மொபைல் பிளான்தான். நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் பிளான் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான், டிவிக்குக் குறைந்தது 199 ரூபாய் பிளான் வேண்டும். பிரைம் வீடியோவில் 2025 ஜூனிலிருந்து விளம்பரம் வருகிறது. அது வேண்டாமென்றால் பிரைம் கட்டணத்துக்கு மேல் வருடம் 699 ரூபாய். ஸ்டிக் வாங்கும் முன், வீட்டில் ஏற்கெனவே என்ன சந்தாக்கள் இருக்கின்றன, அவை டிவியில் ஓடுமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் கட்டாமல், ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்வது நல்ல வழி.

நேரலையில் ஸ்டிக் கேபிளிடம் தோற்கும், சந்தேகமே இல்லை. ஐபிஎல் இறுதி ஓவரில் நீங்கள் பந்துவீச்சாளர் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கேபிள் வைத்திருக்கும் எதிர்வீட்டில் அதற்குள் விசில் பறக்கும். இணையத்தில் வீடியோ சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. தடை இல்லாமல் ஓட வேண்டுமென்று ஆப் சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டுதான் காட்டும். அதனால் அரை நிமிடம்கூடப் பின்தங்கும். எவ்வளவு வேகமான இணைப்பாக இருந்தாலும் இது முழுக்கப் போகாது. கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான். கேபிள் பெட்டி சீக்கிரம் எழுந்துவிடும். இங்கே ரவுட்டர் எழுந்து, இணைப்பு வந்து, ஸ்டிக் அதைப் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரை அதில் மாட்டிவிடுங்கள்.

இதனால்தான் கேபிளை உடனே வெட்ட வேண்டாம் என்கிறேன். அப்பாவுக்குச் செய்தி சேனலின் எண் விரலிலேயே இருக்கும். அதைத் தட்டினால் சேனல் வந்தாக வேண்டும். ஸ்டிக்கில் ஆப்பைத் தேடி, ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, லைவ் என்ற இடத்துக்குப் போய், அப்புறம்தான் சேனல். குரலில் கேட்கலாமே என்றால், அலெக்ஸா இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான் பேசும். 'செய்தி போடு' என்று அம்மா தமிழில் சொன்னால் அதற்குப் புரியாது. பெரியவர்களின் ஒரே பொழுதுபோக்கை நாம் நவீனமாக்குகிறேன் என்று போய்ப் பறித்துவிடக் கூடாது. இரண்டு மூன்று மாதம் இரண்டும் இருக்கட்டும். அவர்களே யூடியூபில் நேரலைச் செய்தியும் பழைய பாட்டும் பார்க்கப் பழகி, கேபிளைத் தொடாமல் இருக்கிறார்கள் என்றால் அப்போது நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த மாடல் என்றால், உங்கள் டிவி 4கே இல்லாவிட்டாலும் குறைந்தது 2 ஜிபி ராம் (மெமரி) உள்ளதை எடுங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் எச்டியில் 1 ஜிபி ராம்தான், 4கே செலக்ட்டிலும் அப்படியே. இன்றைக்கு ஓடும், ஆனால் டிவியில் பட்ட பாட்டைச் சீக்கிரமே இதிலும் படுவீர்கள். செலக்ட் மாடலில் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக அமேசானின் சொந்த வேகா இயங்குதளம் இருக்கிறது. கடைக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்ற முடியாது. உங்களுக்கு வேண்டிய தமிழ் ஆப்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒலிக்குத் தனி சவுண்ட்பார் வைத்திருந்தால் அதை டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டில் மாட்டுங்கள், ஸ்டிக்கை வேறொரு போர்ட்டில். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு சத்தம் வரவில்லை என்பது வழக்கமான புகார்.

மாட்டிய அன்றைக்கே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. டிவி செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ சிஇசி என்பதை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதற்கு எனிநெட் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அது ஆனில் இருந்தால் ஸ்டிக் ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தியதுமே டிவியும் எழுந்து சரியான இன்புட்டுக்கு வந்துவிடும், அம்மா இரண்டு ரிமோட்டோடு போராட வேண்டியதில்லை. படம் வாங்குவதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் பின் எண் போட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் ரிமோட்டை எடுத்தால் எதை அழுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. ஹோம் திரையில் முதல் வரிசையில் மூன்றே ஆப் இருக்கட்டும், யூடியூப் முதலில். கேபிள் எந்த எச்டிஎம்ஐயில் இருக்கிறது, ஸ்டிக் எதில் இருக்கிறது என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி டிவிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.